பிள்ளைத்தமிழும் பிள்ளையின் முதலாண்டும்

முதுகலை வகுப்பில் சிற்றிலக்கியப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பிள்ளைத்தமிழின் பருவங்களையும் அவற்றுக்குரிய திங்களையும் கரும்பலகையில் எழுதி, செங்கீரை ஐந்தாம் திங்கள், சப்பாணி ஒன்பதாம் திங்கள் என்று விளக்கி முடித்த வேளையில் மாணவி ஒருவர் எழுந்தார். மணமாகித் தாயான பின்னும் கல்வியை விடாது தொடர்ந்தவர் அவர். “ஐயா, என் மகளுக்கு ஏழு மாதம் நிறைந்துவிட்டது. தலையணை அணை கொடுக்காமல் இன்னும் உட்காரவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளை ஐந்து மாதத்திலேயே உட்கார்ந்துவிட்டதாம். படிப்பு படிப்பு என்று நான் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டதுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். புலவர்கள் போட்ட கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துமா?” என்று வினவினார். வகுப்பில் சிலர் நகைத்தனர். அவர் நகைக்கவில்லை.

அன்று எம்மால் முழுமையான விடை கூற இயலவில்லை. பின்னர் குழந்தை மருத்துவ நூல்களைப் பயின்றும், அத்துறை அறிந்தாரை உசாவியும் தெளிந்தவற்றை இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

இலக்கணம் வகுத்த திங்கள்கள்

பிள்ளைத்தமிழின் கூறுகள் பெரியாழ்வார் திருமொழியிலேயே அரும்பிவிட்டன. முழு நூலாக நமக்குக் கிடைப்பவற்றுள் முற்பட்டது பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். பிற்காலத்தில் குமரகுருபரர் முதலியோர் இவ்வகையைச் செழுமைப்படுத்தினர். இசுலாமியத் தமிழ்ப் புலவர்களும் நபிகள் நாயகத்தின் மீதும் இறைநேசர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடி இவ்வகைக்கு வளம் சேர்த்தனர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பால், பெண்பால் இரண்டிற்கும் பொது. பொதுவாக மூன்றாம் திங்களில் காப்புத் தொடங்கி, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என ஒற்றைப்படைத் திங்களில் இவை அடுத்தடுத்து வரும். வருகைப் பருவம் பதின்மூன்றாம் திங்களுக்கு உரியது.

இவ்வரிசை வெறும் மரபுக் கணக்கு என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். மருத்துவ நூல்களோடு ஒப்பிட்டபோது வியப்பே மிஞ்சியது. பிள்ளையை அருகிருந்து பார்த்தவர்களே இதனை வகுத்திருத்தல் வேண்டும்.

எடையும் தலையும்

பருவங்களுக்குள் நுழையுமுன் உடல் வளர்ச்சி பற்றிச் சில சொற்கள். வளர்ச்சி வேறு, மலர்ச்சி வேறு. முன்னதை நிறைகோலும் அளவுநாடாவும் காட்டும். பின்னதைக் கண்தான் காண வேண்டும்.

நம் நாட்டில் நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளையின் எடை பெரும்பாலும் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். 2.5 கிலோவுக்குக் கீழ்ப்பட்டால் அது குறை எடை. பிறந்த முதல் வாரத்தில் எடை சற்று இறங்கும். பத்தில் ஒரு பங்கு வரை இறங்கினும், பத்து நாளிலிருந்து இரு வாரத்திற்குள் மீண்டுவிடும். இதனை அறியாத வீடுகளில்தான் ‘தாய்ப்பால் போதவில்லை’ என்ற பழி எழுந்து, புட்டிப்பால் நுழைந்துவிடுகிறது. அதன்பின் முதல் மூன்று திங்களில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறும். ஐந்து திங்களளவில் பிறப்பு எடை இருமடங்காகவும், ஓராண்டில் மும்மடங்காகவும் ஆகும். 50 சென்டிமீட்டர் நீளத்தோடு பிறந்த பிள்ளை ஓராண்டில் 75 சென்டிமீட்டரை எட்டும். தலையின் சுற்றளவு ஏறத்தாழ 34 சென்டிமீட்டரிலிருந்து 46க்கு உயரும். மூளையின் பருமன் அவ்வோராண்டில் ஏறத்தாழ இருமடங்காகிறது. உச்சிக்குழி மூடாதிருப்பதும் இவ்வளர்ச்சிக்கு இடந்தரவே. அது ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மூடுதல் இயல்பு. தலையைப் பிடித்து உருட்டி வடிவாக்குவதும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும் வேண்டாத வேலைகள்.

ஒருநாள் எடையைக் கொண்டு எதையும் முடிவு செய்தல் கூடாது. அங்கன்வாடியில் தரும் வளர்ச்சி அட்டையில் திங்கள்தோறும் புள்ளியிட்டு இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும். மெலிந்த பிள்ளையாயினும் கோடு மேல்நோக்கிச் செல்லுமாயின் பெரும்பாலும் அச்சமில்லை. கொழுத்த பிள்ளையாயினும் கோடு படுத்துவிட்டால் காரணம் தேட வேண்டும்.

காப்பு முதல் வருகை வரை

காப்புப் பருவத்தில் பிள்ளை எதுவும் செய்வதில்லை. புலவரே தெய்வங்களை அழைத்துக் காக்க வேண்டுகிறார். ஆயினும் அம்மூன்று திங்களுக்குள் ஒரு பெருநிகழ்ச்சி நடந்துவிடுகிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் பிள்ளை தாயின் முகம் பார்த்து நகைக்கிறது. உறக்கத்தில் உதடு விரிவது வேறு. நாம் நகைத்ததற்கு விடையாக நகைப்பது வேறு. பின்னதற்குக் கண் தெரிய வேண்டும், முகம் அறிய வேண்டும், மறுமொழி தரும் விருப்பம் வேண்டும். மூன்று திங்கள் நிறைந்தும் அந்நகை வாராதாயின் மருத்துவரைக் காணுதல் நலம்.

செங்கீரை என்பது ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடும் நிலை. வளர்ச்சியின் அடிப்படை விதி ஒன்று இதனுள் அடங்கியிருக்கிறது. உடல்மீதான ஆளுகை தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்குகிறது. மூன்று, நான்கு திங்களில் கழுத்து நிற்கும். பின்னர்த் தோளும் கையும் வலுப்பெற்று, குப்புறக் கிடந்த பிள்ளை மார்பை உயர்த்தும். அதன்பின் இடுப்பு, இறுதியில் கால். இவ்வரிசை மாறுவது அரிது. காலம் மட்டுமே பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஐந்தாம் திங்களில் கையூன்றித் தலை நிமிர்தல் உண்மை. முழங்கால் மடக்கிய முழுச் செங்கீரை பல பிள்ளைகளுக்கு ஏழு, எட்டுத் திங்களில்தான் வாய்க்கிறது. புலவர் சற்று விரைந்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். பாட்டுடைத் தலைவர் அரசரும் தெய்வமும் ஆயிற்றே!

தால் என்பது நாக்கு. தாயின் நா அசையப் பிறப்பது தாலாட்டு. இதற்கு ஏழாம் திங்களை வகுத்தது பிள்ளையின் நாவுக்கும் பொருந்துகிறது. வாயில் வைத்த எதையும் வெளித்தள்ளும் பிறவி இயல்பு நான்கு முதல் ஆறு திங்களில் மறைகிறது. ஆறு திங்கள் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே போதும்; அதன்பின் தாய்ப்பாலோடு குழைந்த சோறும் பருப்பும் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பர். அதே காலத்தில்தான் ‘ங்கா’ என்ற உயிரொலி போய், ‘பாபாபா, மாமாமா’ என மெய்யும் உயிரும் சேர்ந்த அடுக்கொலி பிறக்கிறது.

இவ்விடத்தில் சற்றே நிற்க வேண்டும். செவிப்புலன் இல்லாப் பிள்ளையும் முதல் திங்கள்களில் அழும், நகைக்கும், ‘ங்கா’ என்னும். ஆகவே ஐயம் எழுவதில்லை. அடுக்கொலி உரிய காலத்தில் வாராமையே அதன் முதல் அறிகுறி. எமக்குத் தெரிந்த குடும்பத்தில் ஓர் ஆண்மகவு. உரிய திங்களில் உட்கார்ந்தான், ஓராண்டு நிறையுமுன்பே நடந்தான். பேச்சு மட்டும் எழவில்லை. ‘இவன் தகப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்’ என்று மூத்தோர் கூறக் காத்திருந்தனர். கதவு ஓங்கி அறைந்தால் திரும்புகிறானே என்று தம்மைத் தேற்றிக்கொண்டனர். அவன் திரும்பியது தரை அதிர்ந்ததால். மூன்றரை வயதில் சோதித்தபோது இரு செவியும் பெரிதும் கேளாமை தெரிந்தது. மொழி வேர்விடும் பருவம் பெரும்பகுதி கழிந்துவிட்டிருந்தது. பிறந்த சில நாளிலேயே, உறங்கும் பிள்ளையின் செவியில் சிறு கருவி வைத்துச் செய்யும் வலியில்லாச் சோதனை இன்று பல மருத்துவமனைகளில் உண்டு. நெருங்கிய உறவுக்குள் மணந்தோர் வீட்டிலும், பிறவிச் செவிடு முன்பே இருந்த குடும்பத்திலும் அதனைத் தவறவிடுதல் கூடாது.

சப்பாணி கொட்டுதலாவது கைகொட்டுதல். கையூன்றாமல் உட்கார முடிந்த பிள்ளைக்கே கை இரண்டும் ஓய்வு பெறும். ஓய்வு பெற்ற கையே கொட்டும். எனவே இருத்தலுக்குப் பின் சப்பாணியை வைத்த முறை மிகச் செம்மையானது. ஒன்பது திங்களளவில் பிறர் செய்வது கண்டு தானும் செய்யும் திறன் மலர்கிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூட்டிச் சிதறிய பொரியை எடுக்கும் நுட்பமும் அண்மையில் வரும். துணியால் மூடிய பொருளைத் தேடி எடுக்கும். புதியவரைக் கண்டால் அலறும். பிள்ளைக்குச் செல்லம் மிகுந்துவிட்டது என்று இதனைக் குறை கூறுவோர் உளர். தன்னவரையும் அயலாரையும் பிரித்தறியும் அறிவு வந்தமைக்கு அதுவே சான்று. மற்றொன்று: ஓராண்டு நிறையுமுன் பிள்ளை ஒரு கையையே எப்போதும் பயன்படுத்தினால் ‘இடக்கைப் பழக்கம்’ என்று விட்டுவிடாது, மறுகையில் வலுக்குறைவு உண்டா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

முத்தப் பருவத்தில் புலவர் பிள்ளையிடம் ‘தா’ என்று கேட்கிறார். கேட்ட சொல்லும் நீட்டிய கையும் சேர்ந்து பொருளுணர்த்த, பிள்ளை கையிலுள்ளதைக் கொடுப்பது ஓராண்டை ஒட்டியே. சொல்லுதலுக்கு முன்னே சொல்லுணர்தல் வருகிறது.

இனி வருகை. உலக நலவாழ்வு நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 பிள்ளைகளைத் தொடர்ந்து கண்டு, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. துணையின்றி உட்காருதல் 3.8 திங்கள் முதல் 9.2 திங்கள் வரை. கையும் முழங்காலும் ஊன்றித் தவழுதல் 5.2 முதல் 13.5 வரை, தனித்து நடத்தல் 8.2 முதல் 17.6 வரை. நலமுள்ள பிள்ளைகளின் பரப்பே இவ்வளவு! நடையின் நடுவெல்லை பன்னிரண்டு திங்கள். பதின்மூன்றாம் திங்களில் வருகை பாடிய மரபோடு இது எத்துணை இசைகிறது! நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் தவழாமலே நடந்தனர் என்பதும் அவ்வாய்வின் செய்தி. உருளைவண்டியில் பிள்ளையை நிறுத்தினால் நடை விரைந்து வராது. படியில் உருண்டு காயமுற்ற பிள்ளைகள் பலராதலின் கனடா நாடு 2004இல் அவ்வண்டி விற்பனையையே தடை செய்துவிட்டது.

எப்போது ஐயுறுவது?

திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தார் உருவாக்கிய அட்டை ஒன்று 1991இல் வெளிவந்தது. இரண்டு வயது வரைக்கும் பதினேழே திறன்கள். ஒவ்வொன்றுக்கும் அது தோன்றும் கால எல்லை ஒரு பட்டையாக வரையப்பட்டிருக்கும். பிள்ளையின் வயதின்மேல் ஓர் எழுதுகோலை நெட்டுக்குத்தாக வைக்க வேண்டும். கோலுக்கு இடப்புறம் முடிந்துபோன பட்டைகளுள் ஏதேனும் ஒன்றைப் பிள்ளை செய்யவில்லையாயின் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கோல் குறுக்கிடும் பட்டைகளைப் பற்றிக் கவலை வேண்டா. அவற்றுக்கு இன்னும் காலம் உண்டு. ஊர்ப்புறச் செவிலியரும் கையாளத்தக்க இத்தகைய எளிய கருவி வீடுதோறும் பரவாதது குறையே.

ஐந்து திங்களாகியும் கழுத்து நில்லாமை, பத்துத் திங்களாகியும் உட்காராமை, அடுக்கொலி எழாமை, ஓராண்டாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை ஆண்டாகியும் நடவாமை ஆகியன கவனத்துக்குரியன. பெற்ற திறனைப் பிள்ளை இழப்பது எவ்வயதிலாயினும் ஒருநாளும் தாழ்த்தக்கூடாத அறிகுறி. 2013 முதல் நடுவணரசின் சிறார் நலத்திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் நிறுவப்பட்டு வருகின்றன. அங்கன்வாடிப் பணியாளரிடமோ அரசு மருத்துவமனையிலோ கேட்டால் வழி கிடைக்கும்.

மீண்டும் அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். மறுவாரம் அவரிடம் நாம் கேட்டது ஒன்றே: “பிள்ளை நிறைமாதமா அம்மா?” முப்பத்து நான்காம் வாரத்திலேயே பிறந்துவிட்டதாகக் கூறினார். நாற்பது வாரத்திற்கு ஆறு வாரம் குறைவு. அக்குறையைக் கழித்தே வயதைக் கணக்கிட வேண்டும் என்பது மருத்துவ நெறி. ஏழு திங்கள் பிள்ளை அவ்வாறு ஐந்தரைத் திங்களுக்குரியவள். கழியாமல் பார்த்தாலும் 9.2க்கு இன்னும் இடமிருந்தது. மருத்துவரும் பார்த்து இதனையே உறுதிப்படுத்தினார். கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். வீட்டில் காட்டினாரா, காட்டி ஏற்றனரா என்பது தெரியாது.

தேர்வு முடிந்து சென்றபின் அவர் எழுதிய மடல் ஒன்று வந்தது. மகள் பதினைந்து திங்களில் நடந்தாளாம். அம்புலியைக் காட்டினால் பார்ப்பதேயில்லையாம். சுவரில் ஓடும் பல்லியைத்தான் விரல் நீட்டிச் சுட்டி, தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாளாம். அம்புலிப் பருவம் வந்துவிட்டதென்று மறுமொழி எழுதினோம்.