கார் நிறுத்துமிடத்தின் மேல் உள்ள அறை: வெப்பத்திலிருந்து பெரியவர்களைக் காப்போம்

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரங்களில் தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்கள் பல. அவர்களுள் சிலர் கார் நிறுத்துமிடத்தின் மேல் ஓர் அறை கட்டியிருப்பார்கள். குளிர் நாடுகளில் இப்படிப்பட்ட அறையைச் சூடாக்க வழி தேடுவார்கள். நமக்கோ சூட்டைத் தடுப்பதுதான் வேலை.

ஏன் இந்த அறை அதிகம் சுடுகிறது?

அறையின் மேலே தகரக் கூரை. மூன்று பக்கச் சுவர்களிலும் வெயில் படும். பகலில் சிமெண்டுச் சுவரும் தளமும் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் மெல்ல வெளிவிடும். அதனால் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் அறை புழுங்கும்.

யாருக்கு ஆபத்து?

வயது கூடும்போது தாக உணர்வும் வியர்வையும் குறையும். நீரிழிவு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு உடலில் நீர் விரைவாகக் குறையலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெயில் நாட்களில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

அறையைக் குளிர்விக்கும் வழிகள்

- கூரைத் தகட்டின் கீழ் பளபளக்கும் அலுமினியத் தாள் போடலாம். தாளின் பளபளப்பான பக்கத்தை ஒட்டிக் காற்று இடைவெளி இருந்தால்தான் பலன் கிடைக்கும்.
- சீலிங்கின் மேல் கல்நார் அல்லாத கம்பளிப் பஞ்சு விரிக்கலாம்.
- கூரைக்கு வெள்ளை நிறச் சாயம் பூசலாம். பெரியவர்கள் தாங்களே ஏணியில் ஏற வேண்டாம்.
- மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறத்தில் நிழல் மறைப்பு போடுங்கள். பகலில் மூடி வைத்து, இரவில் திறந்து விடுங்கள்.
- அறையின் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மின்விசிறி சூட்டையே உடலில் வீசும். கீழ்த்தளத்திற்கு இறங்கி வந்துவிடுங்கள்.

கீழே கார் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிடாதீர்கள். அவற்றின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மேல் அறையில் தூங்குபவரின் உயிரையே அது பறித்துவிடும்.

எச்சரிக்கை அளவு

ஓர் இடத்தின் அதிகபட்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாட்களுக்கு 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால், மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கும். பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி 40.1 டிகிரி பதிவானது.

உடனே 999-ஐ அழையுங்கள்

பேச்சு குழறுதல், மனக்குழப்பம், வலிப்பு, மயக்கம், உடல் அனலாய்க் கொதித்தல் ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். உதவி வரும்வரை நோயாளியை நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறுங்கள். நினைவு தெளியாதவருக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள்.

பிள்ளைகளே, வெயில் நாட்களில் காலையும் மாலையும் மேல் அறைக்குச் சென்று அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியைப் பார்த்து வாருங்கள்.