அப்பாவின் பெயரில் ஓர் ஆல்பம்

ஈழப் போரால் சிதறிய தமிழர்களின் கலை எந்த மொழியில், எந்தக் கருவியில், யாருடைய காதுக்காக ஒலிக்கும் என்பதை, அவர்கள் போய்ச் சேர்ந்த இடமே பெருமளவு தீர்மானித்தது. கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் திண்டுக்கல் சமவெளியில் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர்; அவர்களுக்கெனத் தோட்டனூத்தில் 321 நிரந்தர வீடுகள் கட்டித் திறக்கப்பட்டது 2022-இல்தான். லண்டனில் 1975-இல் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கும் சில காலம் சென்னையிலும் வளர்ந்து, 1986-இல் தாயுடன் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், அந்நகரின் தெற்கே மிச்சம் பகுதியிலிருந்த அரசுக் குடியிருப்பு ஒன்றில் ஆங்கிலம் கற்றார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அவர் 2005-இல் வெளியிட்ட 'அருளர்' என்ற முதல் ஆல்பமே இக்கட்டுரையின் பொருள்.

இசைப் பயிற்சி எதுவும் இன்றி, சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படக் கலை பயின்றவர் அவர். 'எலாஸ்டிகா' என்ற ராக் குழுவின் ஆல்பத்துக்கு அட்டைப்படம் வரைந்து, அதன் பயணத்தைப் படம்பிடிக்கவும் உடன் சென்றபோது, 'பீச்சஸ்' என்ற பாடகி ரோலண்ட் எம்சி-505 என்னும் கருவியைக் கையாளக் கண்டு அதன்மீது ஈர்ப்புக் கொண்டார். தாள ஒலிகளையும் விசைப்பலகை ஒலிகளையும் தன்னுள் சேமித்து, விரும்பிய வரிசையில் சுழற்சியாக ஒலிக்கச் செய்யும் ஒற்றைப் பெட்டி அது. எலாஸ்டிகாவின் தலைவி ஜஸ்டின் ஃபிரிஷ்மனிடம் அதை இரவல் வாங்கி, படுக்கையறையிலேயே பாடல்களின் முதல் வடிவங்களை அவர் உருவாக்கினார். ஆல்பத்தில் மெட்டு மெலிந்தும் தாளம் முரடாக முன்னின்றும் ஒலிப்பதைத் துணிச்சலான புதுமை என்று பாராட்டியவர்கள் உண்டு. அது ஓரளவு அந்தப் பெட்டியின் எல்லையும், அதை மறைக்க முயலாத ஒரு புதியவரின் நல்லறிவும் ஆகும்.

ஃபிரிஷ்மனும் பங்கேற்று எழுதிய 'கலாங்' பாடல் 2003-இல் 500 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டு, நடன அரங்குகளின் வழியே பரவியதால் எக்ஸ்எல் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைத்தது. ஆயினும் ஆல்பம் தாமதமாயிற்று. பழைய ஒலிப்பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்துப் புதிய பாடலில் இழைக்கும் 'சாம்பிள்' முறையில் மூல உரிமையாளரின் அனுமதி தேவைப்படுவதால், அவ்வனுமதிகளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில், அனுமதி எதையும் நாடாமல், டிப்லோ என்ற அமெரிக்க டி.ஜே.யுடன் சேர்ந்து அவர் தயாரித்த 'மிக்ஸ்டேப்', அதாவது பிறர் பாடல்களோடு தம் குரலைக் கலந்து முறைசாரா வழியில் பரப்பப்படும் தொகுப்பு, ஆல்பத்துக்கு முன்பே அவரைப் புகழ்பெறச் செய்தது.

வரவேற்பின் கதை இதனினும் சிக்கலானது. விற்பனைப் பட்டியல்களில் பிரிட்டனில் 98-ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 190-ஆம் இடத்தையும் தாண்டாத ஆல்பம், விமர்சகர்களிடம் பெரும் பாராட்டைப் பெற்று 2005-ஆம் ஆண்டின் மெர்க்குரி இசைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆல்பத்தின் தலைப்பு, அவருடைய தந்தை அருள்பிரகாசத்தின் இயக்கப் பெயர். அவர் ஈரோஸ் எனப்பட்ட ஈழப் புரட்சிகர மாணவர் அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவராக இருந்தும், எல்லாத் தமிழ் இயக்கங்களையும் ஒன்றெனக் கருதிய மேலைப் பத்திரிகைகள் பல அவரை விடுதலைப் புலி என்றே எழுதின. தென்னிந்தியக் காட்டில் படமாக்கப்பட்ட 'சன்ஷவர்ஸ்' பாடலின் வரிகளுக்கு எம்டிவி ஆட்சேபம் தெரிவித்தது. கலைக் கல்லூரியில் பயின்றவர் ஏழை நகர்ப்புறங்களின் இசையை வெளியிலிருந்து எடுத்தாள்கிறார் என்று சைமன் ரெனால்ட்ஸ் போன்ற விமர்சகர்கள் ஐயுற்றனர். ஒரே பாடலில் பங்கேற்ற டிப்லோவையே ஆல்பத்தின் மூளையாக வேறு சிலர் சித்திரித்ததை 2007-இல் எம்.ஐ.ஏ. வெளிப்படையாகக் கண்டித்தார். கருவியைத் தானே இயக்கிய ஒரு பெண்ணின் உழைப்பை உடனிருந்த ஆணின் கணக்கில் எழுதும் அவ்வழக்கம் பாப் உலகுக்கு மட்டும் உரியதன்று.

இவ்விவாதங்களில் எவரும் அதிகம் கேட்காத கேள்வி, ஆல்பத்தில் தமிழ் இசை எவ்வளவு என்பது. கவனித்துக் கேட்பவருக்கு அதில் ஜமைக்காவின் 'டான்ஸ்ஹால்' இசையும், லண்டனின் 'கிரைம்' இசையும், ரியோ குடிசைப் பகுதிகளின் நடன இசையான ஃபங்க்கும் புலப்படும்; டிப்லோ பங்கேற்ற 'பக்கி டன் கன்' பாடலின் எக்காள ஒலியோ, 'ராக்கி' திரைப்பட இசையிலிருந்து பிரேசிலியப் பாடகி டெய்ஸி டிக்ரோனாவின் பாடல் வழியாக அங்கு வந்து சேர்ந்தது. தந்தையின் பெயரும் போரின் நினைவும் தமிழுக்குரியவையாக இருக்க, ஒலி பெரும்பாலும் அவர் வளர்ந்த லண்டனின் அண்டைவீட்டாருக்கு உரியதாக இருந்தது.

2006-இல் அமெரிக்க விசா கிடைக்காமல் போனதால், அங்கே தயாரிக்கத் திட்டமிட்டிருந்த இரண்டாம் ஆல்பத்துக்காக அவர் வேறு நாடுகளைத் தேடிச் செல்ல நேர்ந்து, சென்னைக்கும் வந்தார். தாயின் பெயரால் 'கலா' எனப்பட்ட அந்த 2007-ஆம் ஆண்டு ஆல்பத்தில்தான், திண்டுக்கல் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் சாமியாட்டத்துக்கு முழங்கும் உருமி, 'பாய்ஸ்', 'பேர்ட் ஃப்ளூ' ஆகிய பாடல்களின் அடித்தாளமாக அமைந்தது.