உங்களுக்குத் தெரியுமா? 56 கே மோடம் தந்தது 7 கிலோபைட்தான்!
1995 ஆகஸ்ட் 15-இல் வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. பிறகு டெலிபோன் லைனில் கிறீச்சிட்ட ‘56 கே’ மோடத்தின் வேகம் விநாடிக்கு 56 கிலோபிட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆக, கைக்கு வந்தது 7 கிலோபைட், அதுவும் லைன் சுத்தமாக இருந்தால்! 5 மெகாபைட் பாட்டு இறங்க 12 நிமிடம். இன்றைய 100 மெகாபிட் ஃபைபரில் அரை விநாடிகூட ஆகாது.

1962-இல் வந்த பெல் 103 மோடத்துக்கு விநாடிக்கு 300 பிட்டே எல்லை. இன்றைய யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டு முறையில் ‘கோயம்புத்தூர்’ 39 பைட், அதாவது 312 பிட். ஊர்ப் பெயருக்கே ஒரு விநாடி போதாது. ‘கோவை’ என்றால் வெறும் 96 பிட். சுருக்கிக் கூப்பிடுவதிலும் லாபம் இருக்கிறதுங்க!

உங்கள் வீட்டு இணைய பில்லில் உள்ள எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு மெகாபிட்) எண்ணையும் 8-ஆல் வகுத்துப் பாருங்கள்.