காலையில் முதுகு மரக்கட்டை ஆகுதா? சுளுக்குன்னு விட்டுடாதீங்க!

சென்னை:
ராத்திரி 3 மணிக்கு முதுகு வலி எழுப்பி விடுகிறது. காலையில் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. வேலையில் இறங்கி உடம்பு சூடானதும் வலி குறைகிறது. ‘மூட்டை தூக்கினதால வந்தது, படுத்தா சரியாயிடும்’ என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் தப்பு நடக்கிறது.

சுமை தூக்கி வரும் வலி பெரும்பாலும் ஓய்வில் குறையும். ‘அங்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ்’ என்ற முதுகெலும்பு வாதமோ படுத்தால் கூடும், நடந்தால் குறையும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்குவதுதான் காரணம். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு எலும்புகள் ஒட்டிக்கொண்டு கூன் விழும். கண் சிவந்து வலித்தால் உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

வலி 3 மாதம் தாண்டினாலோ, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தாலோ மூட்டு வாத டாக்டரைப் பாருங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கு தனிப்பிரிவே உண்டு. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

முழுசா குணமாகாது. ஆனால் மருந்து, தினசரி உடற்பயிற்சியால் கட்டுக்குள் வைக்கலாம். பீடி, சிகரெட் கூடவே கூடாது. டாக்டரைக் கேட்காமல் வருஷக்கணக்கில் வலி மாத்திரை முழுங்கினால் வயிறும் கிட்னியும் கெடும். உஷார்!