மாற்றிய விழிப்படலமும் பூஞ்சைக் காளானும்

கடிகாரத்தின் மேற்கண்ணாடி போலக் கண்ணின் முன்புறத்தை மூடியுள்ள ஒளிபுகும் படலம் கார்னியா எனப்படும். புண்ணாலோ காயத்தாலோ அது வெளுத்துப் பார்வை மறைந்தால், இறந்தவர் தானமாக அளித்த கண்ணினின்றும் தெளிந்த படலத்தை எடுத்துப் பொருத்துவர். 1905-ஆம் ஆண்டில் மொரேவியாவில் டாக்டர் எட்வார்ட் ஸிர்ம் என்பவர் மனிதருக்கு விழிப்படலம் மாற்றும் அறுவையை முதன்முதலாக வெற்றியுடன் செய்து முடித்தார். ஆயினும், அறுவை முடிந்ததும் ஆபத்து நீங்கிற்று என எண்ணலாகாது.

பிறர் உடலின் திசுவை நம் உடல் எளிதில் ஏற்பதில்லை. புதிய படலத்தை அது ஒதுக்கிவிடாதிருக்கும் பொருட்டு, நோயாளி பல மாதங்கள் ஸ்டீராய்டு சொட்டு மருந்து இட்டுக்கொள்கிறார். இம்மருந்து கண்ணின் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கிறது. படலத்தைக் காக்கும் இச்செயலே காளான் வளரவும் வழி செய்கிறது. ப்யுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் முதலிய காளான்களின் நுண்வித்துக்கள் மண்ணிலும் வைக்கோல் தூசியிலும் உள்ளன. தளர்ந்துபோன தையல் அவை நுழைய வாயிலாகலாம். காண்டிடா என்னும் காளான் சில வேளைகளில் தானக் கண்ணுடனேயே வந்துவிடுவதும் உண்டு.

கண் சிவத்தல், ஒளி கண்டு கூசுதல், பார்வை மங்குதல், படலத்தில் வெண்புள்ளி தோன்றுதல் ஆகியவை நோயின் அறிகுறிகள். மாற்றிய படலத்தில் உணர்ச்சி நரம்புகள் அறுபட்டிருப்பதால் வலி குறைவாகவே இருக்கலாம். ஆகவே, வலி இல்லை என்று வாளாவிருத்தல் தவறு.

மருத்துவமனையில் புண்ணைச் சிறிது சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலிட்டு நுண்பெருக்கியில் ஆராய்வர். காளானின் இழைகள் தென்பட்டால், 5 சதவீத நாடாமைசின் சொட்டு மருந்தைத் தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறை இடுவர். காண்டிடாவுக்கு ஆம்போடெரிசின் பயன்படும். சிகிச்சை பல வாரங்கள் நீடிக்கும். மருந்துக்கு அடங்காவிடில், கெட்ட படலத்தை நீக்கி மீண்டும் புதியது பொருத்த நேரிடும்.

கிராமங்களில் பணிபுரிவோரும் ஆசிரியர்களும் செய்யத்தக்க உதவி பெரிது. படலம் மாற்றிக்கொண்ட ஒருவரின் கண் சிவந்திருக்கக் கண்டால், அன்றே கண் மருத்துவமனைக்கு அனுப்புக. கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தையோ, தாய்ப்பாலையோ, இலைச்சாற்றையோ இடவேண்டாமெனத் தடுத்திடுக. ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவதும் கேடே. நிறுத்துவதா, குறைப்பதா என்பதை நிபுணரே முடிவு செய்யவேண்டும். கதிரடிக்கும் களத்தில் வேலை செய்வோர் கண்ணாடி அணிவது நன்று.

ஒருவர் இறந்தபின் ஈந்த பார்வை அது. சில நாள் தாமதத்தால் அதனை மீண்டும் இழக்க விடலாகாது.