துடுப்பின் வேகம் எங்கிருந்து வருகிறது?

எல்லே விளையாடும்போது பந்து தூரம் போகாவிட்டால் நாம் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "கையில் பலம் போதாது." வீட்டில் போய்ச் சொன்னால், ஒழுங்காகச் சாப்பிடாததுதான் காரணம் என்று உம்மாவும் சேர்ந்துகொள்வார். பாவம் கை! செய்யாத குற்றத்துக்கு அதுவே பழி சுமக்கிறது.

எல்லேயைப் போலவே பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடி வரும் விளையாட்டுத்தான் பேஸ்போல். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நமது கிரிக்கெட்டுக்கு இருக்கும் மதிப்பு அதற்கு உண்டு. பந்து ஏறத்தாழ 145 கிராம். உருளை வடிவத் துடுப்பு ஏறத்தாழ 900 கிராம். எறிபவருக்கும் அடிப்பவருக்கும் இடையே 18.44 மீற்றர். மணிக்கு 145 கிலோமீற்றர் வேகத்தில் எறியப்படும் பந்து இத்தூரத்தைக் கடக்க எடுப்பது ஏறத்தாழ 0.4 செக்கன். துடுப்பைச் சுழற்றி முடிக்கவே 0.15 செக்கன் வேண்டும். பந்தைப் பார்த்து, "அடிப்பதா, விடுவதா" என்று முடிவெடுக்க மிஞ்சுவது கால் செக்கன். ஆகவே வேகமாகச் சுழற்றத் தெரிந்தவருக்கு இரட்டை இலாபம்: பந்து தூரம் போகும், பந்தைப் பார்க்கவும் சிறிது கூடுதல் நேரம் கிடைக்கும்.

தூரம் போவதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. துடுப்பின் சரியான இடத்தில் பந்து பட்டால், அது திரும்பிப் போகும் வேகம், துடுப்பின் வேகத்தைப்போல் 1.2 மடங்குடன் வந்த பந்தின் வேகத்தில் 0.2 பங்கைக் கூட்டியதற்கு ஏறக்குறையச் சமன். துடுப்பு மணிக்கு 115 கிலோமீற்றர், தன்னை அடையும் பந்து 133 என்று வைத்துக்கொள்வோம். 138 உடன் 27ஐக் கூட்ட 165. எறிபவர் இன்னும் 10 கிலோமீற்றர் கூட்டி எறிந்தால் நமக்குக் கிடைப்பது 2 மாத்திரம். துடுப்பின் வேகத்தை 10 கூட்டினாலோ 12 கிடைக்கிறது.

அந்தப் பத்தை எப்படிக் கூட்டுவது? இதற்கு விடை தேடி வருடக்கணக்கில் அல்லாடிய ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும்.

சதஹாரு ஓ 1940இல் டோக்கியோவில் பிறந்தவர். தந்தை சீனர், தாய் ஜப்பானியர். 1959இல் யொமியூரி ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் 26 வாய்ப்புகளிலும் ஓர் அடிகூடச் சரியாக அமையவில்லை. அவரது பெயரை எழுதும் எழுத்துக்கு "அரசன்" என்று பொருள். பார்வையாளர்கள் விடுவார்களா? "அடிக்கத் தவறுவதில் அரசன்" என்று கூட்டமாகக் கத்திக் கேலி செய்தார்கள். வலுவான இளைஞர்தான், பலம் குறைவில்லை. ஆனால் பந்து வரும் நேரத்தில் கைகளை ஒருமுறை கீழே இறக்கிவிட்டுத்தான் வீசுவார். அந்தச் சிறு இறக்கத்திலேயே நேரம் போய்விடும். உடலும் அவசரப்பட்டு முன்னே சாய்ந்துவிடும்.

1962இல் ஹிரோஷி அரகாவா அவரது பயிற்றுநரானார். ஐகிடோ என்னும் தற்காப்புக் கலை பயின்றவர். அவர் ஓவை ஒற்றைக் காலில் நிற்க வைத்தார். இடக்கையாட்டக்காரரான ஓ, பந்து வரும்வரை வலது முழங்காலை இடுப்பளவுக்கு உயர்த்தியபடி கொக்கைப்போல் நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்பவரால் அவசரப்பட முடியாது. கையை ஆட்டவும் முடியாது, விழுந்துவிடுவார்! அது மட்டுமல்ல. கூரையிலிருந்து நூலில் ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டு, ஜப்பானிய வாளால் அதை வெட்டச் சொன்னார். காகிதத்தைப் பலத்தால் வெட்ட முடியாது. கையால் தள்ளினால் அது காற்றில் விலகிப் போகும். வாளின் விளிம்பு சற்றுச் சரிந்தாலும் அப்படியே. இடுப்பு திரும்பி, அதன் பின்னால் கை வந்து, வாள் ஒரே கோட்டில் போனால் மாத்திரமே வெட்டுப்படும். இரவுகளில் அந்த அறையின் பாய் தேயும்வரை பயிற்சி நடந்தது.

அந்த ஆண்டு ஜூலை 1ஆம் திகதி முதன்முறையாகப் போட்டியில் ஒற்றைக் காலில் நின்றார். அன்றே ஒரு ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டிய அடி. முந்திய ஆண்டு முழுவதும் 13 ஹோம் ரன் அடித்தவர், அவ்வாண்டை 38 உடன் முடித்தார். 1980இல் ஓய்வு பெறும்போது எண்ணிக்கை 868.

எல்லோரும் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். அதன் உள்ளே இருக்கும் ஒழுங்குதான் முக்கியம். களப்பில் வீச்சுவலை எறிபவரைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கால் ஊன்றுகிறது, பிறகு இடுப்பு திரும்புகிறது, அதன் பின் தோள், கடைசியாகத்தான் கை. துடுப்பும் அப்படியே. நிலத்தை உதைத்த விசை இடுப்புக்கு வருகிறது. இடுப்பு சற்றே தாமதிக்க, அதன் வேகம் தோளுக்குப் போகிறது. பின் கைக்கு, மணிக்கட்டுக்கு, துடுப்பின் நுனிக்கு. கையை முந்தவிட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்; அப்போது கையின் பலம் மாத்திரமே மிஞ்சும், அது அற்பம். முழங்கையை உடலோடு ஒட்டி வைத்துத் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவர்கள் உடனே சொல்வார்கள்: திணிவு சுழலச்சுக்கு அருகில் இருந்தால் சடத்துவத் திருப்பம் குறையும், சுழற்சி எளிதாகும்.

ஆட்டத்துக்குச் சற்று முன் துடுப்பில் எடை வளையம் மாட்டிச் சுழற்றும் வழக்கம் பலரிடம் உண்டு. கழற்றியதும் துடுப்பு இலேசாகத் தோன்றும், வேகமாகச் சுழல்வதாகவும் தோன்றும். அளந்து பார்த்த ஆய்வாளர்கள் கண்டது நேர்மாறு: அடுத்த சில வீச்சுகள் மெதுவாகவே இருந்தன. உடல் நம்மை எவ்வளவு இலகுவாக ஏமாற்றுகிறது!

வேகமே எல்லாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் லூயிஸ் அராயெஸ் என்பவரின் துடுப்பு வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர் அளவுதான்; முதன்மைப் போட்டிகளில் மிக மெதுவானவர்களுள் ஒருவர். ஆனாலும் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தான் ஆடிய லீக்கின் அடிச் சராசரியில் முதலிடம் அவருக்கே. துடுப்பின் சரியான இடத்தில் பந்தைச் சந்திப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இதை வீட்டு முற்றத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தும்புத்தடியின் தும்பைக் கழற்றிவிட்டு, வெறும் தடியைத் துடுப்பைப்போல் பிடித்துச் சுழற்றுங்கள். பக்கத்தில் எவரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். "விஸ்" என்று காற்றைக் கிழிக்கும் சத்தம் எந்த இடத்தில் எழுகிறது என்று காது கொடுங்கள். தோளுக்குப் பின்னால் கேட்டால் கை முந்திவிட்டது. வேகம் பந்துக்கு முன்பே செலவாகிவிட்டது. இடுப்பை முதலில் திருப்பி, கையைச் சற்றுப் பொறுக்க வைத்து மறுபடி சுழற்றுங்கள். சத்தம் முன்னுக்கு, பந்தைச் சந்திக்கும் இடத்துக்கு நகர்ந்து வரும்.