நிறத்தடமும் மெய்ப்புள்ளியும்: பழந்தாள் படங்களில் அணியுறுப்புகளை அணுகும் முறை

மேருவில் உறவினர் ஒருவர் இல்லத்தில் பேணப்பட்டு வந்த பழைய தமிழ் நாளிதழ் நறுக்கு ஒன்றை மின்வருடியில் இட்டு, எழுத்துணரி மென்பொருளால் படிக்க முயன்றேன். ‘மண வீடு’ என அச்சாகியிருந்த தொடர் திரையில் ‘மண் வீடு’ எனத் தோன்றியது. திருமண இல்லம் மண்சுவர் இல்லமாயிற்று. ணகரத்தின் மேல் இருந்தது மெய்ப்புள்ளி அன்று. தாளில் படிந்த பழுப்புக் கறை. பிழைக்குக் காரணம் நான் எழுதிய நிரலில் இருந்த ஒரே ஓர் எண். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் பயன்படுத்தியது ஓப்பன் சிவி என்னும் கணினிப் பார்வை நிரலகம். 1999இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பெற்ற இது, படத்தை எண்களாலான அணியாகக் கொள்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வோர் உறுப்பும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். வண்ணப் படத்திலோ ஓர் உறுப்புக்குள் மூன்று எண்கள் அடங்கும்; ஒவ்வொன்றும் ஒரு நிறத்தடத்திற்கு உரியது. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் வரிசையே பலருக்கும் பழக்கமானது. இந்நிரலகமோ நீலம், பச்சை, சிவப்பு என அடுக்குகிறது. எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் 0 என்பது நீலம், 2 என்பது சிவப்பு. சிவப்பைக் கருதி நான் இட்டது 0.

இப்பிழை வேறு படத்தில் பொருட்படுத்தத் தகாததாக இருந்திருக்கலாம். நாளிதழ்த் தாளில் அவ்வாறு இல்லை. மரக்கூழில் எஞ்சிய லிக்னின் என்னும் பொருள் ஒளியாலும் காற்றாலும் மாற்றமுற்றுத் தாளை மஞ்சளாக்குகிறது. நம் நாட்டின் ஈரப்பதம் பழுப்புக் கறைகளையும் சேர்க்கிறது. மஞ்சளும் பழுப்பும் நீல ஒளியை மிகுதியாக உட்கொண்டு சிவப்பொளியைத் திருப்பியனுப்புவன. ஆகவே நீலத்தடத்தில் கறை ஏறக்குறைய மையைப் போலவே இருண்டு நிற்கும். சிவப்புத்தடத்தில் தாளோடு தாளாக மறையும். எடுத்துக்காட்டாக, கறையின் எண்கள் 70, 130, 190 என்றும், அச்சு மையின் எண்கள் 40, 40, 45 என்றும் கொள்வோம். 120க்குக் கீழ்ப்பட்டதெல்லாம் மை என வரையறுத்தால், நீலத்தடத்தில் கறை மையாகிவிடும். சிவப்புத்தடத்தில் 190 பெற்றுத் தப்பும். மூன்றையும் வழக்கமான விகிதத்தில் கலந்து சாம்பல் படமாக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 141, வேறுபாடு குறுகிவிடுகிறது.

உறுப்புகள் நினைவகத்தில் கிடைவரிசை கிடைவரிசையாக அமைகின்றன. ஓர் அங்குலத்திற்கு 300 படக்கூறுகள் என்னும் அளவில் வருடிய ஏ4 தாள் 2480 நெடுவரிசைகளும் 3508 கிடைவரிசைகளும் கொண்டது. படக்கூறு ஒன்றுக்கு 3 பைட்டு. எனவே ஒரு கிடைவரிசைக்கு 7440 பைட்டு. 100ஆம் கிடைவரிசை, 200ஆம் நெடுவரிசையில் உள்ள சிவப்பெண்ணை அடைய 100 × 7440 + 200 × 3 + 2, அதாவது 744602 பைட்டு நகர்தல் வேண்டும். நாளிதழின் ஒரு பத்தியை மட்டும் படியெடுக்காமல் வெட்டிச் சுட்டினாலும் 7440 மாறாது. பத்தியின் அகலத்தைக் கொண்டு கணக்கிட்டால் எழுத்துகள் சாய்ந்து சிதையும்.

இக்கணக்கை ‘அட்’ என்னும் சார்பு தானே செய்துகொள்ளும். அதற்குக் கிடைவரிசையை முதலிலும் நெடுவரிசையை அடுத்தும் தருதல் வேண்டும். கணிதத்தில் கிடை, குத்து என ஆயங்களைக் கூறிப் பழகியவர் இங்கே தடுமாறுவர். உறுப்பின் வகையையும் மூன்று எண் கொண்டதெனக் குறித்தல் வேண்டும். ஒற்றை பைட்டு எனக் குறித்துவிட்டு நெடுவரிசைகளை எண்ணிச் சென்றால், பக்கத்தின் இடப்புற மூன்றிலொரு பங்கு மட்டுமே மும்மடங்கு நீண்டு தோன்றும். பிழைதிருத்த நிலையில் தொகுத்த நிரலும் இதனைக் கண்டு நிற்காது. வெளியீட்டு நிலையில் தொகுத்ததும் எச்சரிக்காமலே ஓடும்.

0ஐ 2 ஆக்கியதும் மண வீடு மீண்டது. ஆயினும், பக்க ஓரத்தில் சிவப்பு மையால் இட்டிருந்த முத்திரையும் உடன் மறைந்தது. அதற்காகப் பச்சைத்தடத்தைத் தனியே எடுத்துச் சேமிக்க நேர்ந்தது. அதே பெட்டியில் நீலக்கருப்பு மையால் எழுதிய மடல் ஒன்றும் இருந்தது. மை பழுப்பாக மங்கியிருந்தமையால், சிவப்புத்தடத்தில் எழுத்தே ஒளிந்துகொண்டது. அங்கே 0தான் உதவிற்று. கறையையும் மெய்ப்புள்ளியையும் மூலத்தோடு கண்ணால் ஒப்பிட்டே பிரித்தேன்.